மந்திரியம்மா ஆஜர்

ஆலடிநல்லூர் முன்சீப் கோர்ட்டில் டவாலிச் சேவகன் சங்கிலி வராந்தாவில் நின்று "வாதி பேச்சித்தாய்" என்று மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டு முடித்த நேரத்தில், அறுநூறு கிலோமீட்டர் தள்ளித் தலைநகரில் பொறியாளர்கள் நடுவே உட்கார்ந்து ஒரு பாலத்தின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த புறவழிச்சாலைத் துறை மந்திரி உலகம்மை, எங்கள் கோர்ட்டின் கிழக்கு ஜன்னலோரம் நின்றார். நடந்து வரவில்லை, காரில் வரவில்லை, நின்றார், அவ்வளவுதான். கையில் மூடி திறந்த பச்சை மைப் பேனா இருந்தது, காலில் செருப்பு இல்லை, அதைக் கூட்டத்தில் மேசைக்கு அடியில் கழற்றிப் போட்டிருந்தாராம். முன்சீப் ஐயா தலையைத் தூக்கிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார், இந்த வழக்கில் எப்போதும் வந்து நிற்கிறவர்தானே வந்து நிற்கிறார் என்ற முகத்தோடு பெஞ்ச் கிளார்க்குக்குத் தலையசைத்தார், பெஞ்ச் கிளார்க்கும் "வாதி வழக்கறிஞர் ஆஜர்" என்று எழுதிக்கொண்டார். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன் நான், அன்று நகல் ஒன்றைக் கொடுக்க உள்ளே போயிருந்தேன், அதனால் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

உலகம்மை எங்கள் ஊர் வக்கீல். பஸ் கண்டக்டர் மகள். இருபத்திரண்டு வருடம் அதே கோர்ட்டில், தோள்பட்டையில் கறுப்பு வெளுத்துக் காபி நிறமாகிவிட்ட ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு, ஜீவனாம்சம் கேட்ட பெண்களுக்கும் வரப்பைத் தொலைத்த ஆண்களுக்கும் வாதாடியவர். தேர்தல் வந்தபோது கட்சியின் இரண்டு கோஷ்டிகளும் ஒருவர் நிறுத்திய ஆளை மற்றவர் தோற்கடித்தே தீருவது என்று நின்றதால், யாருக்கும் விரோதி இல்லாத ஒரு ஆள் வேண்டும் என்று தேடி இவருக்குச் சீட்டைக் கொடுத்தார்கள், அறுநூற்றுப் பதினொரு ஓட்டில் ஜெயித்தார். பிறகு மந்திரி பதவிக்கு மாவட்டத்தில் மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள், மூன்று பேருக்கும் கொடுக்காமல் முதலமைச்சர் அதையும் இவருக்கே கொடுத்தார். இப்படி அடுத்தவர் சண்டையில் மேலே போனாரே தவிர, அவராகப் போய் எதையும் கேட்டதில்லை. கிடைத்த பிறகு அதை விடமுடியாமல் போனது வேறு விஷயம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பதவியில் இருப்பவர் வக்கீல் தொழில் பார்க்கக் கூடாது என்பது சட்டம். அதனால் பதவியேற்க ரயிலேறுவதற்கு முன்பு, அவருடைய குமாஸ்தா சிதம்பரம் முந்நூற்றுப் பதினாறு வழக்குக் கட்டுகளையும் மேசையில் அடுக்கி, ஒவ்வொரு கட்சிக்காரரும் வேறு வக்கீல் வைத்துக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை என்று ஒவ்வொரு வக்காலத்திலும் கையெழுத்து வாங்கினார். மழைக்காலம், தாளில் ஒட்டியிருந்த ஸ்டாம்பின் பசை இளகி இரண்டு வக்காலத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, மேலே இருந்ததில் கையெழுத்து விழுந்தது, கீழே இருந்ததில் விழவில்லை. கீழே இருந்தது பேச்சித்தாயினுடையது. வக்காலத்து உயிரோடு இருக்கிறவரை வக்கீல் ஆஜராகத்தான் வேண்டும் என்பது எங்கள் கோர்ட்டில் எல்லோரும் சொல்கிற பேச்சு, அது இவ்வளவு தூரம் உண்மை என்று அதற்கு முன் யாருக்கும் தெரியாது.

வழக்கு என்னவென்றால், ஊருக்கு மேற்கே காளவாசல் தெரு என்று ஒன்று இருக்கிறது, பழைய சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் குடியிருக்கும் நாற்பத்தொரு வீடு. புறவழிச்சாலை அந்தத் தெருவின் மேல்தான் வரும் என்று அரசாங்கம் சொன்னது. முதலில் போட்ட வரைபடத்தில் ரோடு தெருவுக்கு வடக்கே தரிசு நிலத்தில்தானே போயிற்று, அதை யார் தெற்கே இழுத்தது, அந்தக் கோப்பைக் காட்டுங்கள் என்று தெருக்காரர்கள் சார்பாகப் பீடி சுற்றுகிற பேச்சித்தாய் வழக்குப் போட்டாள். ஆறு வருடம் உலகம்மை அந்தக் கோப்பைக் கேட்டார், ஆறு வருடமும் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அரசு வக்கீல் சொன்னார். தீர்ப்பு வரும்வரை இருக்கிறது இருக்கிறபடி இருக்க வேண்டும் என்று முன்சீப் உத்தரவு போட்டிருந்தார். இப்போது அதே துறைக்கு உலகம்மையே மந்திரி, வாதிக்கு வக்கீலும் அவர், பிரதிவாதியும் அவர்.

முன்சீப் ஐயா நியாயமான மனிதர். மந்திரி வாதாடக் கூடாதென்று சட்டம் இருக்கிறது, நிற்கக் கூடாதென்று இல்லை, தேதி கேட்கக் கூடாதென்றும் இல்லை என்று இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். அந்த முதல் வாய்தாவிலேயே உலகம்மை பேச்சித்தாயிடம் புது வக்காலத்தை நீட்டி, இதில் கைநாட்டு வைத்து வேறு வக்கீல் வைத்துக்கொள்ளும்படி கெஞ்சினார். பேச்சித்தாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், தெருவே நம்பி நிற்பது அவரைத்தான், மந்திரியாகிவிட்ட ஆளை விட்டுவிட்டு எவரையாவது வைக்க அவளுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டாள். உலகம்மையும் சிரித்துவிட்டார். அடுத்த மாதம் ஒரு தேதி கொடுங்கள் என்று முன்சீப்பைக் கேட்டுவிட்டு, யாரோ கொடுத்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் தலைநகருக்குப் போனார். வருகிறதுதான் அப்படியே தவிர, போகிறதற்கு ரோட்டைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வாய்தாவிலிருந்து ஊர் தன்னைச் சரிசெய்துகொண்டது. முந்தின நாளே கொடி கட்டிய கார் காலியாகத் தலைநகரிலிருந்து புறப்பட்டு வந்து என் கடை முன்னால் நிற்கும், ஓட்டுநர் தவசி எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார், கோர்ட்டுக்குள் கிழக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலியும் அதன் கீழே ஏழாம் நம்பர் செருப்பும் போட்டு வைத்தார்கள், கலெக்டர் சால்வையோடு ஜன்னலைப் பார்த்தபடி நிற்பார், எந்தப் பக்கம் திரும்பி நின்று வரவேற்பது என்று மட்டும் அவருக்கு ஒரு குழப்பம் இருந்தது. வாய்தா முடிந்ததும் மந்திரியம்மா வராந்தாவில் உட்கார்ந்து மனு வாங்குவார், வேறு எந்த ஊரிலும் மந்திரியைப் பார்க்கக் கட்சிப் பிரமுகர் வீட்டு வாசலில் காவல் கிடக்க வேண்டும், எங்கள் ஊரில் மட்டும் சங்கிலி மூன்று தடவை கூப்பிட்டால் போதும், கட்டாயம் வருவார், வராமல் இருக்க அவராலேயே முடியாது. அதனால் வாய்தா அன்று பெரியாஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார், ரேஷன் கடையில் எடை சரியாக இருந்தது, தெருவிளக்கு பட்டப்பகலிலும் எரிந்தது. செவ்வாய்ச் சந்தை வியாழனுக்கு மாறியது. மனு எழுதித் தருகிறவர்கள் மூன்று ஊரிலிருந்து வந்து வேப்ப மரத்தடியில் கடை போட்டார்கள், நான் இரண்டாவது மெஷின் வாங்கினேன், கல்யாணப் பத்திரிகைகளிலே "வாய்தாவுக்கு மறுநாள்" என்று அச்சடிக்க ஆரம்பித்தார்கள். அந்த வழக்குக்குத் தீர்ப்பு வரக்கூடாது என்று ஊரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, வக்கீல் சங்கம் மட்டும் வழக்கு நீடூழி வாழ வேண்டும் என்று ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து, சிரித்துக்கொண்டே நிறைவேற்றியது.

தலைநகரமும் அதே மாதிரி பழகிக்கொண்டது. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மந்திரி நாற்காலி பத்தே முக்காலுக்குக் காலியாகும் என்று சட்டசபைக் காவலர்களுக்குத் தெரியும், அவர் செருப்பை எடுத்துப் பத்திரமாக வைப்பதற்கு ஒரு ஆள் போட்டிருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் எங்கள் ஊரில் ஒரு வக்கீலைப் பிடித்து, சட்டசபையில் ஓட்டெடுப்பு நடக்கிற அன்றைக்கே வழக்கு வரும்படி தேதி வாங்கினார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் பதறியடித்து வந்து சங்கிலியைத் தொண்டை கட்டிவிட்டதென்று லீவு போடவைத்தார்கள், அவனுக்குப் பதிலாக வந்த டவாலி கீச்சுக்குரலில் கூப்பிட்டான், அதற்கும் வந்து நின்றார். அன்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில்தான் அரசாங்கம் பிழைத்தது. முதலமைச்சர் கோபித்துக்கொள்ளவில்லை, மாதத்துக்கு ஒரு நாள்தானே, வேறு சிலர் மாதம் முழுவதும் காணாமல் போகிறார்கள் என்றாராம்.

இதெல்லாம் நடந்தபோது எங்களுக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயம் உண்டு. பதவியேற்ற பதினோராம் நாள் உலகம்மை துறையின் பழைய அலமாரிகளைத் திறக்கச் சொன்னார், மூன்றாவது அலமாரியில் அவர் ஆறு வருடமாகக் கேட்ட கோப்பு இருந்தது. அதில் வடக்கே தரிசில் போட்ட முதல் வரைபடம் இருந்தது, கட்சிக்கு வேண்டிய ஒருவர் அந்தத் தரிசை வாங்கித் தென்னை நட்டுவிட்டதால் ரோட்டைத் தெற்கே தள்ளலாம் என்று ஒரு குறிப்பும், "அப்படியே செய்க" என்று ஒரு கையெழுத்தும் இருந்தன. அவர் அதை எடுத்துக்கொண்டு முதலமைச்சரிடம் போனார். முதலமைச்சர் பார்க்கலாம் என்றார். உலகம்மை கோப்பைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, பார்க்கலாம் என்றாரே, பார்ப்பார் என்று காத்திருந்தார், மாதாமாதம் எங்கள் ஜன்னலோரம் வந்து நின்று வாய்தா கேட்டார். பேச்சித்தாய் வேறு வக்கீல் வைத்தால் அந்த வக்கீல் கோப்பைக் கேட்பார், கேட்டால் பதில் சொல்ல வேண்டும், அதனால் நான்காவது மாதத்துக்குப் பிறகு புது வக்காலத்தைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

இருக்கிறது இருக்கிறபடி இருக்க வேண்டும் என்ற உத்தரவை நாங்கள் எல்லோரும் தெருவைக் காப்பாற்றுகிற உத்தரவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தெருக்காரர்களுக்குத்தான் அது எப்படிப்பட்டது என்று தெரியும். கூரையில் உடைந்த ஓடு மாற்றக் கூடாது, சுவரில் ஒரு சட்டி மண் அப்பக் கூடாது, கக்கூஸ் கட்டக் கூடாது, புது மின் இணைப்புக் கிடையாது. யாராவது ஒரு ஓட்டைத் தூக்கினால் துறை ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்க் கோர்ட்டில் காட்டினான். கோர்ட்டில் இருக்கிற வீட்டுக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை, அந்த வீட்டிலிருந்து பெண் எடுக்கவும் வரவில்லை, பேச்சித்தாயின் மகளுக்குப் பேசி முடித்த இடம் இரண்டு தடவை கைநழுவிப் போனது. நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் தார்ப்பாயை மேலே போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு வந்து, பின்வரிசையில் நின்று, தேதியை மட்டும் கேட்டுக்கொண்டு போனார்கள். மனுக் கொடுக்கிற கூட்டத்தில் அவர்கள் முன்னால் வரவே இடம் இருக்காது, நாங்கள்தான் தள்ளிக்கொண்டு நிற்போமே.

இரண்டாவது ஐப்பசியில் மாசானம் என்ற சுமைதூக்கும் தொழிலாளி, மேற்குச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது, ஒரு பனங்கட்டையை வைத்து முட்டுக் கொடுத்துக்கொள்கிறேன் என்று கோர்ட்டில் மனுப் போட்டார். அந்த மனுவுக்கு நான்தான் நகல் எடுத்துக் கொடுத்தேன். முட்டுக் கொடுத்தால் இருக்கிற நிலை மாறிப்போகும் என்று அரசு வக்கீல் ஆட்சேபித்தார், வாதி வக்கீலான உலகம்மை வாதாட முடியாது, தேதி மட்டும்தான் கேட்க முடியும், கேட்டார். கொடுத்த தேதிக்கு ஒன்பது நாள் முன்பு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுவர் உள்பக்கமாக விழுந்தது. மாசானம் இறந்துபோனார். மனைவி ராசம்மா தண்ணீர் எடுக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்ததால் பிழைத்தாள். மந்திரியம்மா மாலை ஒன்றை அனுப்பினார், ஊரே திரண்டு போனோம், மறுமாத வாய்தாவுக்கு வழக்கம்போலச் சந்தை கூடியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

அந்த வாய்தாவில்தான் பேச்சித்தாய் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் ஒரு புது வக்காலத்து இருந்தது, அதில் அவள் கைநாட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது, புது வக்கீலாக உலகம்மையிடமே தொழில் படித்த நூர்ஜஹான் கையெழுத்துப் போட்டிருந்தார். கலெக்டர் சால்வையை விரித்துப் பிடித்தபடி நின்றார். பேச்சித்தாய் சத்தம் போடவில்லை.

"வக்கீலம்மா, மாசாமாசம் கூப்பிட்ட உடனே வந்து நிக்கீங்க. ஒரு தடவை கூட வராம இருந்ததில்ல, நான் இல்லன்னு சொல்லல. ஆனா வந்து என்ன செஞ்சீங்க? நிக்கீங்க, தேதி கேக்கீங்க, மனு வாங்குதீங்க, போறீங்க. ஊருக்கெல்லாம் நீங்க மந்திரி, சரி. எனக்கு வக்கீலுல்லா வேணும்?"

உலகம்மை, இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள், முதலமைச்சரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

"பொறுக்குறதுக்கு எங்கிட்ட சுவரு இல்லம்மா" என்றாள் பேச்சித்தாய். "நீங்க மந்திரியாவே இருங்க. நல்லா இருங்க. எங்கள விட்டுருங்க. இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

உலகம்மை தாளை வாங்கினார். பிறகு ஜன்னல் கட்டையில் வைத்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ வழக்கில் தோற்றிருக்கிறார், ஒரு கட்சிக்காரி அவரை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று மனு வாங்காமலே போய்க் காரில் ஏறினார்.

அடுத்த வாய்தாவில் சங்கிலி மூன்று தடவை கூப்பிட்டான். நாற்காலி காலியாகவே இருந்தது. கலெக்டர் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுச் சால்வையை மடித்துக்கொண்டு போனார். மனுவோடு வந்தவர்கள் மத்தியானம் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள், அதற்குப் பிறகு யாரோ ஒருவர், எல்லாம் அந்தக் காளவாசல் பொம்பளை செய்த வேலை என்று சொன்னார், அது போதுமாக இருந்தது. மறுவாரம் டாக்டர் வரவில்லை, அதற்கும் பேச்சித்தாய்தான் காரணம். ரேஷனில் எடை குறைந்தது, அதற்கும் அவள்தான். பீடிக் கம்பெனி ஏஜெண்ட் அவளுக்கு இலை கொடுப்பதை நிறுத்தினார், பால்காரர் அவள் வாசலில் சைக்கிளை நிறுத்தாமல் போனார். நூர்ஜஹானின் மனுவுக்கு நகல் எடுக்கப் பேச்சித்தாய் என் கடைக்கு வந்தபோது, இரண்டு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிற சத்தத்தில் நின்றுகொண்டு, மெஷின் ரிப்பேர் என்று சொன்னேன். அவள் மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாளை மடித்து எடுத்துக்கொண்டு பஸ்ஸேறிப் பக்கத்து ஊருக்குப் போய் நகல் எடுத்து வந்தாள்.

நூர்ஜஹான் போட்ட மனு, அந்தக் கோப்பைத் துறை கோர்ட்டில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது. துறையில் அதற்குப் பதில் தயாரித்தார்கள், அப்படி ஒரு கோப்பு இத்துறையில் இல்லை என்று ஆறு வருடமாக எழுதின அதே வரியை எழுதி, மந்திரியின் ஒப்புதலுக்கு வைத்தார்கள். அன்று முழுவதும் உலகம்மை யாரையும் உள்ளே விடவில்லை. அவரை எந்த டவாலியும் கூப்பிடவில்லை, வக்காலத்து இல்லை, வேண்டுமென்றால் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்து வருடமும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். சாயங்காலம் பதிலின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, "கோப்பு உள்ளது. என் அலமாரியில் உள்ளது. இன்றே நீதிமன்றத்துக்கு அனுப்புக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தபால் பிரிவு ஆள் கோப்பை அரக்கு வைத்துக் கட்டி அனுப்பிய மறுநாள் காலை, அவர் மந்திரிசபையிலிருந்து நீக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தவசியும் வேறு காருக்கு மாறிப்போனார்.

கோப்பு வந்தும் அரசு வக்கீல் விடவில்லை. இந்தத் தாள்களைப் பின்னால் யாரோ சேர்த்திருக்கிறார்கள், இது துறையில் இருந்ததென்று யார் சாட்சி என்று கேட்டார். சாட்சி வெளியே நிற்கிறார் என்றார் நூர்ஜஹான்.

அன்று சந்தை இல்லை, கலெக்டர் இல்லை, நாற்காலியை எடுத்துப் பெஞ்ச் கிளார்க் தன் அறையில் போட்டுக்கொண்டிருந்தார். காளவாசல் தெருக்காரர்கள் முதல் தடவையாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு வந்து கதவோரம் நின்றேன். சங்கிலி வெளியே போய், "சாட்சி உலகம்மை, உலகம்மை, உலகம்மை" என்று கூப்பிட்டான், பழக்கம் விடாமல் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். ஜன்னலோரம் ஒருவரும் இல்லை. அவர் கதவு வழியாக, இரண்டு பஸ் மாறி வந்த புழுதியோடு, கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தார். அத்தனை மாதம் பார்த்ததில் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது அது ஒன்றுதான்.

கூண்டில் ஏறிப் பிரமாணம் எடுத்தார். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, தொழில் என்னவென்று பெஞ்ச் கிளார்க் கேட்டார். உலகம்மை கொஞ்சம் யோசித்து, இப்போது ஒன்றும் இல்லை என்றார், அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். கோப்பைக் காட்டினார்கள், ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்து, மூன்றாவது அலமாரியில் இருந்தது இதுதான், ஒரு தாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று சொன்னார். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். கெட்டிக்காரர், சாட்சியை எங்கே பிடித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"இந்தக் கோப்பை நீங்க முதல்ல பாத்தது எப்போ?"

"பதவியேத்த பதினோராம் நாள்."

"அதாவது ரெண்டு வருஷம் நாலு மாசத்துக்கு முன்னால. அதுக்கப்புறம் இதே கோர்ட்டுல எத்தனை வாய்தா கேட்டீங்க?"

"இருபத்தாறு."

"கோப்பு கையில இருந்தும் எதுக்காக இருபத்தாறு வாய்தா கேட்டீங்க?"

முன்சீப் ஐயா பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். விருப்பமில்லை என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். உலகம்மை முன்வரிசையைப் பார்த்தார், அங்கே பேச்சித்தாய்க்குப் பக்கத்தில் ராசம்மா உட்கார்ந்திருந்தாள்.

"பதவி போயிருமேன்னுதான்" என்றார். "உள்ளே இருந்தே சரிபண்ணிரலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா உண்மையான காரணம் பதவிதான். அப்படியே எழுதிக்கிடுங்க."

பெஞ்ச் கிளார்க் எழுதினார். தாளில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கினார். அரசு வக்கீல் தன் வழக்குக் கட்டைக் கட்டிக்கொண்டார். தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது, ரோடு வடக்கே போயிற்று, தீர்ப்பு வந்த மறுநாள் காலையில் நாற்பது வீட்டின் கூரையிலும் ஆள் ஏறியிருந்தார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்கு வராந்தாவில் நடந்தது.

சாட்சி சொல்லிவிட்டு உலகம்மை வராந்தாப் படியில் வந்து நின்றார். மனுவோடு ஒருவரும் வரவில்லை. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள், திட்டவும் இல்லை, கும்பிடவும் இல்லை. பேச்சித்தாய் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். கடைசியாக ராசம்மா வந்தாள், வந்து நேர் எதிரே நின்றாள்.

"நீங்க அத முதல்லயே குடுத்திருந்தா, எங்க வீட்டுல முட்டு வச்சிருக்கலாமா?"

உலகம்மை வக்கீல், எத்தனையோ பதில் அவருக்குத் தெரியும். கோப்பு வந்தாலும் தீர்ப்புக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லலாம், மனு மேல் உத்தரவு வேறு விஷயம் என்று சொல்லலாம், அதில் பொய்யும் இல்லை.

"வச்சிருக்கலாம்" என்றார்.

ராசம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"இருபத்தாறுன்னு உள்ள சொன்னீங்கல்லா, அத எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

"அழிக்க மாட்டாங்கல்லா?"

"அழிக்க முடியாதும்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு ராசம்மா, வேப்ப மரத்தடியில் அவளுக்காக நின்றுகொண்டிருந்த தெருக்காரர்களோடு சேர்ந்து மேற்கே நடந்தாள்.